விருந்தாளி விதி

பிரிட்டனின் ஸ்பீட்வே பந்தயத்தில் பிரேக் இல்லாத 500 சிசி பைக்கில் நால்வர் நான்கு சுற்று பறப்பார்கள்; ஒரே நிமிடத்தில் முடிவு. வீரர்கள்மேல் குறையில்லை, விதிகள்மேல்தான். ஒருவர் காயம்பட்டால் வேறு அணி வீரர் 'விருந்தாளி'யாக வந்து ஓட்டலாம். நேற்றைய எதிராளிக்கு இன்று ரசிகன் எப்படிக் கைதட்டுவான்? அணியின் மொத்தச் சராசரிக்கு உச்சவரம்பு வேறு! நன்றாக ஓட்டிப் புள்ளி சேர்த்த அணியை மறு சீசனில் கலைக்க வேண்டியதுதான். செலவு குறையுமாம். 2023இல் பீட்டர்பரோவும் வுல்வர்ஹாம்ப்டனும் மைதானமே இழந்தனவே, இந்தச் சிக்கனம் காப்பாற்றியதா? விதி எழுதுவதும் அணி முதலாளிகளே. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இதை 'ழூழ் எ பார்த்தி' என்பார்: வழக்காடுபவனே நீதிபதி! முதலில் அந்தப் பேனாவைப் பொதுவானவர் கையில் கொடுங்கள், ஐயா.