கறி என்றால் எது?

கிள்ளானில் இருக்கும் என் அத்தை போன் பண்ணினால், "ஞாயித்துக்கிழமை வந்துடுடா, அது எடுத்திருக்கோம்" என்பார். கோழியைக் கோழி என்பார், ஆட்டை ஆடு என்பார். பன்றிக்கு மட்டும் 'அது'.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மனம் நோகக்கூடாது என்றால் அது மரியாதை, எனக்கும் சம்மதம். ஆனால் அத்தை வீட்டுக்கு இரு பக்கமும் சீனர்கள். போனில் பேசுவதோ தமிழ். பிறகு யாரிடமிருந்து மறைக்கிறோம்?

அந்தச் சீனர்களையே பாருங்கள். கிள்ளானின் பாக் குத் தே, ஹொக்கியனில் இறைச்சி, எலும்பு, தேநீர் என்ற மூன்று சொற்கள்தான். பன்றி என்று தனியாகச் சொல்வதில்லை, ஏனென்றால் வெறும் 'பாக்' என்றாலே அவர்களுக்குப் பன்றிதான். (தேநீரும் அந்தச் சட்டியில் கிடையாது, அதை விடுங்கள்.) நமக்கு வெறும் 'கறி' என்றால் ஆடு. 2024 பிப்ரவரியில் பாக் குத் தேயைத் தேசியப் பாரம்பரிய உணவாக அறிவித்து, அரசியல்வாதிகள் அடித்துக்கொண்டபோது, நமக்கென்ன என்று மீம்ஸ் பகிர்ந்தோம். தோட்டத்தில் காட்டுப்பன்றி அடித்து, லயம் முழுக்கப் பங்கு போட்டுப் பிரட்டல் வைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பிரட்டலைப் பாரம்பரியம் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

காரணம் சுத்தமும் இல்லை, மதமும் இல்லை. காளத்தியில் சிவனுக்குப் பன்றி இறைச்சியைச் சுட்டு, வாயில் போட்டு ருசி பார்த்துப் படைத்த கண்ணப்பர் அறுபத்து மூவரில் ஒருவர்; கும்பிடுகிறோம். திருமால் எடுத்தால் வராக அவதாரம். பொற்காசுக்குக்கூட வராகன் என்று பெயர் இருந்தது. வடமொழியில் சொன்னால் சாமி, தமிழில் 'பன்னி' என்றால் வசவு.

பிடிக்காதவர்கள் சாப்பிட வேண்டாம், அது அவரவர் விருப்பம். நான் பேசுவது "எங்க வீட்ல அதெல்லாம் தொடமாட்டோம்" என்ற அந்தக் குரலைப் பற்றி. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்க இந்த ஊரில் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. "பன்னி சாப்பிடுவீங்களா?" என்று கேட்கக் கூச்சமே இல்லை. இரண்டும் ஒரே கேள்விதான் சார்.

போன வருஷம் அத்தை மகளைப் பெண் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தார்கள். காப்பி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அத்தை தரையைப் பார்த்தார். "சாப்பிடுவோம், மாசத்துல ரெண்டு தடவ" என்று நான் சொன்னேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் வாட்ஸாப்பில் வந்தது. பொருத்தம் பார்த்த பிறகுதான் வீட்டுக்கே வந்திருந்தார்கள்.