ஆங்கில இலக்கணமும் தமிழ்ப் பிள்ளைகளும்

டிக்கோயாத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆங்கில இலக்கணத்திற்கு அஞ்சித் தம்மை மந்தரென்றே எண்ணுகின்றனர். குறை அவர்பாலதன்று, தமிழை விலக்கி அதனைக் கற்பிக்கும் முறையின்பாலது.

'கொழுந்து பறித்தேன்' என்பதில் 'ஏன்' விகுதியே பறித்தவர் யாரென உணர்த்தும். ஆங்கிலத்துப் 'பிளக்டு' என்பதோ பறித்தேன், பறித்தாய், பறித்தாள் யாவற்றிற்கும் பொது. ஆதலின் 'ஐ', 'யூ', 'ஷி' என எழுவாயை முன்னே சொல்லியாக வேண்டும். செயப்படுபொருள் வினைக்குப் பின்னே செல்லும். 'தோட்டத்தில்' என நாம் இறுதியிற் சேர்க்கும் உருபின் பொருளை, 'இன்' எனப் பெயர்க்கு முன் நிறுத்துவர். நன்னூற் பதவியலும் வேற்றுமையும் சிறிதறிந்த பிள்ளைக்கு இவை எளிதில் விளங்கும்.

மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இருமொழியிலும் நூல்கள் இயற்றவில்லையா? எனவே, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடியே இப்பாடத்தை வகுத்தல் வேண்டும்.