பாண்டவர் குழியா, பாட்டன் குழியா?

செண்பகத்தோப்பிற்கு வருகிற பக்தர்கள் காட்டழகரைத் தேடி மலையேறுகிறார்கள். வழியில் பளியர் குடியிருப்பைப் பார்த்து, "பாவம், காட்டு ஜனங்கள், இவர்களுக்கு ஏது சரித்திரம்?" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரித்திரம் என்றால் ராஜாவும் கோயிலும்தான் என்பது அவர்கள் எண்ணம்.

நம் நாட்டில் பழைய கல்லறை வெளிப்பட்டால் ஜனங்கள் உடனே "பாண்டவர் குழி" என்கிறார்கள். தாழி கிடைத்தாலோ, "அக்காலத்துக் கிழவர்களுக்குச் சாவே வராது, சுருங்கிப் போனவர்களைச் சோற்றோடு பானையில் வைத்துப் புதைத்தார்கள்" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: பாண்டவர் ஐந்து பேர், வனவாசமோ பன்னிரண்டு வருஷம். ஊர் ஊராய்க் கல்லறை கட்டுவதுதானா அவர்களுக்கு வேலை? சாகாத கிழவனுக்குக் குழி எதற்கு?

மண் என்ன சொல்லுகிறது? ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீ என்பவரும் தோண்டினார்கள். மனித எலும்புகளும், இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. சிவகளைத் தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அரசு அறிவித்தது. நமக்கு அருகே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் வந்தன. இவற்றைச் செய்தவன் தேவனல்ல, பாடுபட்ட மனிதன்.

ஸ்பானியர் பிடித்த மெக்சிகோ நாட்டில் 1562-இல் லாண்டா என்ற பாதிரி மாயா மக்களின் ஏடுகளைப் பிசாசின் வேலை என்று கொளுத்தினான். சோலுலாவில் பூர்வ குடிகளின் பிரமிடு மேலேயே மாதா கோயிலைக் கட்டினார்கள். அங்கே நெருப்புச் செய்ததை இங்கே புராணம் செய்தது. நெருப்பாவது கண்ணுக்குத் தெரியும்!

தாழியில் கிடந்தவர்கள்தான் பளியரின் முன்னோர் என்று நாம் சொல்லவரவில்லை. ஆதாரமின்றிச் சொன்னால் நாமும் புராணக்காரரே ஆவோம். ஆனால் ஏடும் கோயிலும் வைக்காதவர்களுக்குச் சரித்திரமில்லை என்பது பொய் என்பதற்கு அத்தாழிகளே சாட்சி. தேனும் கிழங்கும் மூலிகையும் அறிந்த பளியருக்கும் சரித்திரம் உண்டு. அவர்களைப் போன்றவர்களுக்கு நெடுங்காலமாக அநீதி நடந்ததென்று 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 2021-இல் இம்மலை புலிகள் காப்பகமாயிற்று. புலிக்கு இடம் வேண்டியதுதான், மனிதனுக்கு வேண்டாமா?

வாலிபர்களே! உங்கள் ஊரில் தாழி வெளிப்பட்டால் உடைக்காதீர்கள், சூடமும் கொளுத்தாதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். காட்டழகரைப் பார்க்கப் போகிறவர்களும் வழியில் நின்று பளியரிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும்.