நலம் கேட்கும் நான்கு வரிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்)

கணிப்பொறி என்றால் குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. 2012-ஆம் ஆண்டு, மாணவர்களை மனத்தில் வைத்து இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட ராஸ்பெரி பை, முழுக் கணிப்பொறியையும் உள்ளங்கை அளவுப் பலகையில் அடக்கிவிட்டது. தோட்டத்து மோட்டாரையும் குளிர்பதனக் கிடங்கையும் கண்காணிக்கும் பணியை அதனிடம் ஒப்படைக்கலாம். ஆனால், காவலுக்கு வைத்தவனைக் காப்பவர் யார்?

ஒட்டன்சத்திரத்துச் சித்திரை வெயிலும், ஏறியிறங்கும் மின்சாரமும் நாம் அறிந்தவையே. இப்பலகை 80 டிகிரி செல்சியஸை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 5 வோல்ட் வரவேண்டிய மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63-க்குக் கீழே இறங்கினால் அதையும் குறித்துக்கொள்ளும். ஆனால் வாய்விட்டுச் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு லினக்ஸில் வழியுண்டு. வெப்பநிலை ஒரு கோப்பில் ஆயிரம் மடங்காக எழுதப்பட்டிருக்கும். 48312 என்றால் 48.3 டிகிரி. மின்னழுத்தத்தின் கதையை 'கெட் த்ராட்டில்டு' என்னும் கட்டளை பதினறும எண்ணாகச் சொல்லும். சுழி வந்தால் குறையில்லை. 50000 வந்தால், இப்போது நலம். ஆனால் இயக்கியபின் எப்போதோ மின்னழுத்தம் தாழ்ந்தது, வேகமும் குறைந்தது என்று பொருள்.

"கட்டளையைக் கையால் அடித்தால் போதாதா? ஷெல் நிரல் எதற்கு?" என்பர் சிலர். போதாது நண்பர்களே! மின்சாரம் போய்த் திரும்பினால் அந்த நினைவு அழிந்துவிடும். நள்ளிரவில் நேர்ந்த குறை விடியும்போது தடயமின்றி மறைந்திருக்கும். நான்கைந்து வரி நிரலை எழுதி, 'கிரான்' மூலம் பத்து நிமிடத்துக்கொரு முறை ஓடவிட்டு, விடையை நேரத்தோடு கோப்பில் சேர்த்தால் குறை பிடிபடும். பல நேரங்களில் குற்றவாளி மலிவான சார்ஜரோ மெல்லிய கம்பியோதான். பழி மட்டும் பலகையின் மேல்!

வசதியுள்ளவர் ஒன்று போனால் மற்றொன்று வாங்குவர். என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்க்கு ஒரு பலகை என்பது பெற்றோரின் பல நாள் கூலி. நம் காய்கறிச் சந்தையில் மூட்டையை வைக்குமுன் தராசு சுழியில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பட்டம் பெறாத அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு, ஆய்வுக்கூடத்தில் நமக்கு வேண்டாமா?

ஆகவே, செய்முறை வகுப்பில் விளக்கெரியச் செய்யும் பயிற்சிக்கு முன்பாக, நலம் கேட்கும் நிரலே முதற்பாடமாகட்டும். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பதிவேடு இருக்கட்டும். இதற்குக் காசு செலவில்லை. கருத்து ஒன்றே முதலீடு. இயங்க வைப்பவன் மாணவன். இயங்கிக்கொண்டே இருக்கச் செய்பவனே அறிவியலாளன்!