பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நம் மாணவர்களிடையே இன்று ஒரு வழக்கு நடந்து வருகிறது. கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பது உருளைக்கிழங்கு. சாட்டப்பட்ட குற்றங்கள் நான்கு: உடலைப் பெருக்கச் செய்யும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், வாயுவை உண்டாக்கும், சத்தென்று சொல்ல ஒன்றும் இல்லாதது. குற்றம் சாட்டுவோர் பலர். பரிந்து பேசுவார் ஒருவரும் இலர். விடுதி உணவறையில் குழம்பிலுள்ள உருளைத் துண்டுகளைப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "இன்னும் ஒரு கரண்டி சோறு" என்று தட்டை நீட்டும் நண்பர்களை நாள்தோறும் காண்கிறேன். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும் போலும்!

உயிர்வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வழக்கில் நான் கிழங்கின் பக்கம் நிற்கிறேன். என் வாதம் சுருக்கமானது. மாவுப்பொருள் நமக்குப் பகையன்று. அதன் அளவு மிகுவதும், அது எண்ணெயில் மூழ்குவதும், துணையாக வேறொன்றும் இன்றித் தட்டை நிறைப்பதுமே பகை. உருளைக்கிழங்கு சோற்றுக்குத் தொடுகறியாக வரும்போது சுமை. சோற்றில் ஒரு பங்குக்கு மாற்றாக வரும்போது நன்மை.

முதலில் நாம் வந்து சேர்ந்திருக்கும் மண்ணைப் பார்ப்போம். இந்திய நாட்டில் உருளைக்கிழங்கு விளைவில் முதலிடம் உத்தரப் பிரதேசத்திற்கு. அடுத்த இடம் மேற்கு வங்கத்திற்கு. நியூ டவுனிலிருந்து மேற்கே ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் சிங்கூர், தாரகேசுவரம் என்று தொடங்கி வர்த்தமான் வரையில் குளிர்காலம் முழுவதும் உருளை வயல்களே. மாசி, பங்குனியில் தோண்டி எடுத்துக் குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்குகிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கிருந்து கடைக்கு வருகிறது. இங்குள்ள காய்கறிக் கடையில் 'ஜோதி', 'சந்திரமுகி' என்று இரு பெயர்கள் காதில் விழும். சந்திரமுகி என்றதும் நம்மவர்க்குத் திரைப்படம் நினைவுக்கு வரும். வங்காளிக்கோ சமையல் நினைவுக்கு வரும். இரண்டும் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைகள். சந்திரமுகி சற்று விலை கூடியது. மாவுபோல் வெந்து குழையும்.

"இவர்கள் பிரியாணியில்கூட உருளைக்கிழங்கைப் போடுகிறார்களே!" என்று நகைப்பது நம்மவர் வழக்கம். 1856-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் அரசிழந்த அயோத்தி நவாபு வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மட்டியாபுருஜில் வந்து தங்கினார். அவருடைய அடுக்களையிலிருந்தே அப்பழக்கம் பரவியது என்பர். இறைச்சி வாங்கப் பணமின்றிக் கிழங்கைச் சேர்த்தனர் என்பது ஒரு கதை. அந்நாளில் உருளை அரிய பொருளாயிருந்தது. அருமை கருதியே சேர்த்தனர் என்பது அவர் வழிவந்தோர் கூற்று. எது உண்மையாயினும், நாம் இகழும் கிழங்கை ஒரு மாநகரமே விருந்துப் பொருளாக மதிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

நிற்க. மதிப்பு வேறு, சத்து வேறு. எனவே கணக்குக்கு வருவோம்.

வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 87 கலோரி. மாவுப்பொருள் 20 கிராம். வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி. மாவுப்பொருள் 28 கிராம். உருளையில் பொட்டாசியம் சுமார் 380 மில்லிகிராம். சோற்றில் சுமார் 35. தோலுடன் வேகவைத்த உருளையில் உயிர்ச்சத்து 'சி' சுமார் 13 மில்லிகிராம் உண்டு. சோற்றில் அது இல்லை. புரதம் மட்டும் சோற்றில் சற்று மிகுதி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே, எடைக்கு எடை பார்த்தால் உடலைப் பெருக்கச் செய்வது எது? சத்தற்றது எது? கூண்டில் நிற்க வேண்டியது யார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1995-ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 38 வகை உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை எது பசியை அடக்குகிறது என்று அளந்தனர். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று மதிப்பெண் வைத்தனர். வெள்ளைச் சோறு 138 பெற்றது. வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று அனைத்திற்கும் முதலாய் நின்றது. அதே உருளையை நீளவாக்கில் நறுக்கி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தபோது கிடைத்தது 116! குற்றம் கிழங்கில் இல்லை, வாணலியில் இருக்கிறது.

அதற்கு நெடுநாள் முன்னரே, 1928-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. போலந்து நாட்டு அறிஞர்கள் கோன், கிளைன் இருவர் எழுதியது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புரதத்திற்கு ஏறக்குறைய முழுவதும் உருளைக்கிழங்கையே நம்பி 167 நாள் வாழ்ந்தனர், உடல்நலம் குன்றவில்லை. இதைக் கண்டு நாமும் அப்படியே உண்போம் என்று நான் சொல்ல வரவில்லை. உருளையை மட்டுமே நம்பியிருந்த அயர்லாந்தில் 1845-ஆம் ஆண்டில் அப்பயிரை நோய் தாக்க, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பத்து இலட்சம் பேர் மடிந்ததை உலகம் அறியும். ஒரே பொருளை நம்பி உண்பது தீது. அந்த நீதி உருளைக்கும் உண்டு, சோற்றுக்கும் உண்டு.

இனி, சர்க்கரை. இக்குற்றச்சாட்டை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். என் தந்தையார் நீரிழிவு நோயுடையவர். "கிழங்கு வகைகளைத் தவிர்க்க வேண்டும்" என்று மருத்துவர் சொன்ன அன்றே எங்கள் வீட்டில் உருளைக்கும் கருணைக்கும் கதவடைத்தாயிற்று. ஆனால் மூன்று வேளையும் அரிசி உணவு மாறவில்லை. காலையில் இட்லி, பகலில் குவித்த சோறு, இரவில் தோசை. சர்க்கரை குறையவில்லை; கிழங்கு மட்டும் குறைந்தது. எங்கள் வீட்டுக் கதை உங்களில் பலர் வீட்டுக் கதையாகவும் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பேராய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றும், தமிழ்நாட்டில் பெரியவர்களுள் நூற்றுக்கு 14-க்கு மேற்பட்டோர்க்கு அந்நோய் உண்டென்றும் அது கூறிற்று. அதே ஆய்வின் தொடர்ச்சி 2025-இல் வந்தது: இந்தியர் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, தீட்டிய தானியம், சேர்க்கும் சர்க்கரை ஆகியவற்றுக்கே. அரிசியை நீக்கிவிட்டு அரைத்த கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தாலும் அபாயம் குறையவில்லை. மாவுப்பொருளில் ஒரு பகுதியைக் குறைத்துப் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தபோதே குறைந்தது.

உருளையைப் பற்றி நேராகவே ஆராய்ந்தவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார். 2 இலட்சத்து 5 ஆயிரம் அமெரிக்கர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, 2025 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டனர். பொரித்த உருளையை வாரம் மூன்று முறை உண்டவர்க்கு நீரிழிவு அபாயம் 20 விழுக்காடு கூடியிருந்தது. வேகவைத்தும் சுட்டும் மசித்தும் உண்டவர்க்கு அப்படிச் சொல்லத்தக்க கூடுதல் இல்லை. உருளைக்குப் பதிலாக முழுத் தானியம் உண்டால் அபாயம் குறையும். வெள்ளைச் சோறு உண்டால் கூடும் என்பதும் அவர்கள் கணக்கு. அமெரிக்கர் தட்டு வேறு, நம் தட்டு வேறு. தொடர்பு வேறு, காரணம் வேறு. அறிவியல் மாணவன் இவற்றை மறக்கலாகாது. ஆயினும், கிழங்கை ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கூட்டிக் கொள்வதற்கு இதில் எள்ளளவும் ஆதாரம் இல்லை.

சமைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாவு என்பது சர்க்கரை அணுக்கூறுகள் கோத்த நீண்ட மாலை. நீரும் சூடும் சேர்ந்தால் அம்மாலைகள் அவிழ்ந்து குழைகின்றன. குடல் அவற்றை விரைவில் அறுத்துச் சர்க்கரையாக்குகிறது. வெந்ததை ஆறவிட்டால் அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் இறுகிக் கொள்கிறது. இறுகிய பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகி, குடலுக்கு நலம் தரும் அமிலங்களாக மாறுகிறது. சிலர்க்கு வாயு உண்டாவதும் இவ்வழியேதான். அளவோடு தொடங்கினால் பழகிவிடும். இந்த மாற்றம் மிகப் பெரிதன்று. ஆனால் செலவின்றிக் கிடைப்பது. நம் பாட்டிமார் தந்த பழைய சோற்றிலும் இதே வேதியியல்தான். வங்காளியும் பழைய சோறு உண்பவனே. 'பாந்தா பாத்' என்பான். அதற்குத் தொட்டுக் கொள்ள, வெந்த உருளையைக் கடுகெண்ணெயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து வைப்பான். தஞ்சைக்கும் வங்கத்துக்கும் இடையே இத்தனை உறவிருக்க, நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

உருளை தென் அமெரிக்க மலைநாட்டிலிருந்து வந்த விருந்தாளி. கிழங்குணவு நமக்குப் புதிதன்று. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு என்று கபிலர் புறநானூற்றில் எண்ணிக் காட்டுவார். மூங்கிலரிசி, பலா, தேன் என்பவற்றோடு வள்ளிக்கிழங்கும் அதில் இடம்பெறும். முற்றுகையிட்ட மூவேந்தரை எதிர்த்து நிற்க ஒரு நாட்டுக்குத் துணையாயிருந்த உணவு அது. பொங்கல் நாளில் நெல்லைச் சீமையில் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சேனையும் சர்க்கரைவள்ளியும் வாசலுக்கு வருகின்றன, மறுநாளே மறந்துவிடுகிறோம். வெள்ளைச் சோறே உயர்வு, கிழங்கு ஏழை உணவு என்ற எண்ணம் எங்கிருந்தோ நமக்குள் புகுந்துவிட்டது. அதுவே நம் தட்டைக் கெடுக்கிறது.

மற்றொரு கூட்டத்தாரும் நம்மிடையே உண்டு. மாவுப்பொருளையே தொடமாட்டேன் என்று நோன்பிருந்து, புட்டியில் அடைத்த புரதத்தூளுக்கு மாதப் பணத்தைக் கொட்டுபவர்கள். நம் மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. தேர்வுக்கு முதல் நாள் தலை சுற்றிப் படுப்பதற்குப் பெயர் உணவு ஒழுக்கம் அன்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டிகூடத் தானியத்தை நீக்கச் சொல்லவில்லை. கலோரியில் 45 விழுக்காட்டுக்கு மேல் அதிலிருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அளவே அறம்.

எனவே, நம் சங்கத்தார் விடுதி உணவுக் குழுவின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று: வாரத்தில் இரு நாளேனும் பகலுணவில் தோலுடன் வேகவைத்த உருளையோ சர்க்கரைவள்ளியோ தனியாக வைக்கப்பட வேண்டும், எடுத்துக்கொள்பவர் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு: பொரித்த உருளை நாள்தோறும் வருவது நின்று, வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும். மூன்று: அதில் மிச்சமாகும் எண்ணெய்ச் செலவு பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் போகட்டும். பச்சை ஓடிய உருளையையும் முளைவிட்ட உருளையையும் அடுக்களையில் சேர்க்கலாகாது. அவற்றில் நச்சுப்பொருள் உண்டு. சிறுநீரக நோயுள்ளவர்கள் பொட்டாசியம் கருதி மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

நண்பர்களே! நமக்கு இப்போது இருபதும் இருபத்து மூன்றும். நம் தந்தையர்க்கு நாற்பதில் வந்த நோய் நமக்கு முப்பதில் வரக் காத்திருக்கிறது. அதைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது என் தாயாரிடம் நான் சொல்லப்போவது இதுதான்: "அம்மா, அப்பாவுக்குக் கிழங்கைத் தடுத்தது போதும், சோற்றுக் கரண்டியைச் சற்றுச் சிறிதாக்குங்கள்." நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள். அதற்கு முன், நம் விடுதித் தட்டில் செய்து காட்டுவோம்.