கேசட் பத்திரமா இருக்கு... படிக்கிற டிரைவ் எங்கே?

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழைய எழுத்து தெரிந்தவர் இன்றைக்கும் நின்று படித்துவிடலாம். அதே ஊரில் ஓர் அலுவலக பீரோவில், 1995-ம் ஆண்டுக் கணக்கு ஒரு 'டேட்' கேசட்டில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிப்பது கல்வெட்டைவிடக் கஷ்டம். இத்தனைக்கும் 30 வருஷம்தான் ஆகிறது!

டேட் என்றால் என்ன?

பாட்டுப் பதிவுக்காக 1987-ல் வந்த டிஜிட்டல் ஆடியோ டேப்பை, கம்ப்யூட்டர் தகவலைச் சேமிக்க ஏற்றபடி மாற்றி, சோனியும் ஹெச்.பி.யும் 1989-ல் கொண்டுவந்தன. டி.டி.எஸ். என்பது அதன் முறையான பெயர். உள்ளங்கையில் அடங்கும் கேசட். உள்ளே சுமார் 4 மி.மீ. அகலக் காந்த நாடா. ஆரம்பத்தில் 1.3 ஜி.பி. பிடித்தது. 2009-ல் வந்த டேட் 320, 160 ஜி.பி. பிடித்தது. அதுதான் கடைசி.

சிக்கல் எங்கே?

நாடா நன்றாக இருந்தாலும் டிரைவ் வேண்டும். அந்தக் கால டிரைவ்கள் 'ஸ்கஸி' கேபிளில் இயங்கியவை. இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக இடமே கிடையாது. பிற்பாடு வந்த டேட் 72 டிரைவ்கூட முதல் தலைமுறை கேசட்டைப் படிக்காது. பேக்கப் எடுத்த மென்பொருளும் கையில் இருக்க வேண்டும்.

இது பழங்கதை அல்ல. இப்போதும் விற்கும் எல்.டி.ஓ. நாடாவில் 9-ம் தலைமுறை 18 டி.பி. பிடிக்கும். ஆனால், அதன் டிரைவ் முந்தைய ஒரு தலைமுறையை மட்டுமே படிக்கும்.

என்ன செய்யணும்?

ஓலையைச் செல் அரிக்கும் முன்பு புது ஓலையில் பெயர்த்து எழுதினார்கள் நம் முன்னோர். 1894-ல் உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டபோது கையில் இருந்தவை அப்படி வந்த பிரதிகள்தான்.

அலுவலகங்களுக்கும் அதே பாடம்தான். 'பேக்கப் எடுத்தாச்சு' என்பதோடு வேலை முடியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டும். டிரைவ் சந்தையில் இருக்கும்போதே புதியதற்கு மாற்ற வேண்டும். டெண்டரிலேயே இதை நிபந்தனையாக எழுத வேண்டும். செலவுதான். ஆனால், ஒருவர் பென்ஷனுக்காகப் பழைய சர்வீஸ் கணக்கைக் கேட்டு வரும்போது, 'கேசட் இருக்கு, திறக்க முடியல' என்பது பதில் ஆகாது.