நமக்கேற்ற சைக்கிள் எது?

உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் விழுவது பந்தயச் சைக்கிளில்தான். மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில், எண்ணி முடியாத கியர். எங்கள் நானாவும் அப்படியொன்றைத்தான் வாங்கினார். இரண்டு மாதத்தில் முதுகு வலிக்கிறதென்று சுவரில் சாய்த்துவிட்டார். இப்போது அதில் உம்மா துவாய் காயப்போடுகிறார்.

பந்தயச் சைக்கிளை நான் குறை சொல்லவில்லை. அது வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அதில் குனிந்து ஓட்டுவது காற்றுத்தடையைக் குறைப்பதற்காக. பௌதிகவியல் படிக்கும் தோழியருக்குத் தெரியும், காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வீரர் எதிர்கொள்ளும் தடையில் ஒன்பதில் ஒரு பங்குதான் 12 கிலோமீற்றரில் போகும் நமக்கு. அதைக் குறைப்பதற்காகக் கழுத்தையும் முதுகையும் வருத்துவானேன்?

தினமும் ஓட்டுவதற்கு, நிமிர்ந்து உட்கார இடம் தரும் ஹேண்டில் வேண்டும். பந்தய டயரின் அகலம் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீற்றர். நமது மணல் ஒழுங்கைகளுக்கும் குழிகளுக்கும் 35 மில்லிமீற்றராவது இருப்பது நல்லது. கண்டியின் ஏற்றங்களில் கியர் தேவைதான். சமதரையான காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கியரே இல்லாவிட்டாலும் குறையில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பாகங்களும் குறையும்.

சீட்டின் உயரத்தைப் பார்க்க எளிய வழியுண்டு. பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்கும். விலை பேசுவதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

அடுத்தது அபாயா. நடுக்கம்பி தாழ்ந்திருந்தால் ஏறி இறங்குவது சுலபம். செயினை முழுதாக மூடும் கவரும் பின்சில்லுக்கு வலையும் இருந்தால் துணி சிக்காது. இவையெல்லாம் ‘லேடீஸ் சைக்கிள்’ என்று பலர் இளக்காரமாகச் சொல்லும் சைக்கிளில் இருக்கின்றன. சந்தைக்குப் போவதற்குத்தான் அது என்பார்கள். என்னைக் கேட்டால், நமது உடலுக்கும் உடைக்கும் வீதிக்கும் பொருந்தும் முதல்தர உடற்பயிற்சிச் சைக்கிள் அதுதான்.

“வளர்ந்த பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். எனக்கு வயது 17. அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன். ஆனால் வகுப்பில் இருந்து எழும்பினால் ரியூசனில் உட்காருகிறோம். ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கும் முச்சக்கரவண்டிதான். பத்து வயதில் தெருவெல்லாம் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள், உடம்புக்கு அது இன்னும் தேவைப்படும் வயதில் இறங்கிவிடுகிறோம்.

வீட்டில் அடுத்த சைக்கிள் வாங்கும்போது, எது வேகமாக ஓடும் என்று கேட்பதை விட, யார் அதைத் தினமும் ஓட்டுவார் என்று கேட்போம். “நான்” என்று சொல்ல நமக்கும் வாயிருக்கிறது. ஒரு பூட்டும், விளக்கும், தலைக்கவசமும் சேர்த்தே கேட்போம்.